கலைக் கல்லூரிகளில் தர்க்கப் பாடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிளஸ் டூ முடிவு வந்ததும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பி.காம்., கணினி அறிவியல் என்றுதான் பேச்சு ஓடுகிறது. மெய்யியல், அதாவது தத்துவம் படிக்கிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், ‘சாமியார் படிப்பா?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். அது பக்திப் படிப்பு அல்ல. எது உண்மையில் இருக்கிறது, அறிந்ததாகச் சொல்வதை எப்படி அறிந்தோம், எது செய்யத்தக்கது என்ற கேள்விகளைச் சுற்றித்தான் பாடத்திட்டம் முழுவதும். இவற்றுக்கெல்லாம் கருவி தர்க்கம்.

தர்க்கத்தைத் தமிழிலேயே தொடங்கலாம். மணிமேகலையின் 29-ஆம் காதையில் பெரும்பகுதி அதுதான். ‘இம்மலையில் நெருப்பு உண்டு’ என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. ‘புகை இருப்பதால்’ என்பது ஏது, அதாவது காரணம். ‘அடுக்களை போல’ என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. எடுத்துக்காட்டை இம்மலைக்குப் பொருத்திக் காட்டும் உபநயம், முடிவைச் சொல்லும் நிகமனம் சேர்த்து உறுப்புகள் ஐந்து. வத்தல்மலையைக் காட்டியே இதை நடத்தலாம். மார்கழிக் காலையில் மலைமேல் வெள்ளையாகப் படர்ந்திருப்பது பனிமூட்டம் என்றால், ஏதுவே அங்கு இல்லை, முடிவும் நிற்காது. வாதத்தைத் திருப்பிப் போட்டு, ‘நெருப்பு உண்டு, ஆகவே புகை உண்டு’ என்றாலும் பிழைதான். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லையே? இந்த இரண்டு பிழையையும் பிடிக்கத் தெரிந்த மாணவர், வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவக் குறிப்பையும் அப்படியே நம்ப மாட்டார்.

மாணவர்கள் சறுக்குவது நோட்ஸை மனப்பாடம் செய்வதால். தத்துவவாதியின் பெயரும் பத்துக் கருத்தும் எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள், ‘ஏன்?’ என்று கேள்வித்தாள் கேட்கும்போது கை நின்றுவிடுகிறது. மாணவர்களுக்குச் சொல்வது இது: ஒரு தத்துவ நூலில் இரண்டு பக்கம் எடுத்துக்கொண்டு முதலில் முடிவைக் கண்டுபிடியுங்கள். அதைத் தாங்கும் காரணங்களுக்கு எண் போடுங்கள். நூலாசிரியர் சொல்லாமல் விட்ட காரணத்தையும் எழுதுங்கள். மறுப்பு அதற்குப் பிறகுதான். எதிர்த்தரப்பை அதன் முழு வலுவோடு எழுதாமல் மறுப்பது மறுப்பே ஆகாது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கையைப் பேசும் பரபக்கம் முன்னும் தன் கொள்கையைப் பேசும் சுபக்கம் பின்னும் வரும் வரிசையைப் பாருங்கள்.

வேலை பற்றியும் கேட்பார்கள். மத்திய குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் மெய்யியல் விருப்பப் பாடம். இரண்டு தாள், மொத்தம் 500 மதிப்பெண். கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்விலும் இந்தப் பாடம் உண்டு. எந்த இளங்கலைப் பட்டம் பெற்றவரும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. மெய்யியல் சேரலாம். அதன் பாட நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் இருப்பதால் கலைச்சொற்களைத் தமிழிலும் குறித்துக்கொண்டே படிப்பது நல்லது.

இரு மாவட்ட அரசு கலைக் கல்லூரிகளிலும், வேறு துறை மாணவர்கள் எடுக்கும் விருப்பப் பாடமாகவாவது தர்க்கத்தை வைக்க வேண்டும் என்று பெரியார் பல்கலைக்கழகத்தையும் உயர்கல்வித் துறையையும் கேட்டுக்கொள்கிறோம். ஆய்வகம் வேண்டாம், கருவி வேண்டாம். வாரம் இரண்டு மணி நேரமும், மாணவர் குறுக்கே கேள்வி கேட்டால் கோபப்படாத ஓர் ஆசிரியரும் போதும்.

இப்படிக்கு,
மெய்யியல் ஆசிரியர்கள் சிலர்,
தருமபுரி.