கார்டுகளையும் கவனியுங்கள்

ஐயா,

சென்னையில் நடக்கும் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிச் செய்திகளில் அதிகப் புள்ளி எடுத்தவர் பெயரே வருகிறது. ஆட்டத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர்கள் பந்தைக் கொண்டுவரும் ஆட்டக்காரர்களான கார்டுகள் (guards)தான்.

எதிரணி முழு மைதானத்திலும் நெருக்கும்போது பாருங்கள். 8 விநாடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்டும் பதற்றத்தில் பாயிண்ட் கார்டு, அதாவது ஆட்டத்தை நடத்தும் முதன்மைக் கார்டு, பக்கக் கோட்டோரம் ஓடுகிறார்; தாண்டியதும் அந்த மூலையிலேயே டிரிபிளை (பந்தைத் தரையில் தட்டி ஓட்டுவதை) நிறுத்துகிறார். பின்னால் திரும்பவும் விதி இடம் தராது. இருவர் சூழ்ந்துகொள்ள, பந்து பறிபோகிறது. அவர் பந்தை நடுவில் ஓட்டி, இன்னொரு கார்டு சற்றுப் பின்னால் குறுக்காக நின்று, கூடையருகே ஆடும் சென்டரும் நடுவட்டத்துக்கு ஏறி வந்தால் இரண்டே பாஸில் நெருக்கடி உடையும். பாதிக் கோட்டுக்கே 7 விநாடி போனால் ஷாட் எடுக்கத் தரப்படும் 24 விநாடியில் மிச்சம் 17தான். அதற்குள் ஸ்கிரீன் வைத்து (தடுப்பவரை மறித்து நின்று) நல்ல ஷாட் தேடியாக வேண்டும்.

கடைசி 2 நிமிடம் இன்னும் முக்கியம். ஒரு குவார்ட்டரில் எதிரணி 4 ஃபவுல் செய்துவிட்டால் அடுத்த ஃபவுலிலிருந்து நமக்கு 2 ஃப்ரீ த்ரோ. முன்னிலையில் இருக்கும் அணி, ஃப்ரீ த்ரோ தவறாத கார்டின் கையில்தான் பந்தை வைத்திருக்க வேண்டும். உயரமான பையன்களையே தேடும் பயிற்சியாளர்கள், இரு கையாலும் தலைநிமிர்ந்து டிரிபிள் செய்பவர்களையும் தேடட்டும்.

ஸ்கோர் விவரத்தில் அசிஸ்ட் (புள்ளிக்கு வழிவகுத்த பாஸ்), டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழத்தல்) எண்ணிக்கையையும் தாங்கள் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
கூடைப்பந்து ஆர்வலர்கள்,
கீழ்ப்பாக்கம், சென்னை