வியாழனைத் தாங்கிப் பிடித்த கைகளுக்கு

அன்புடையீர்,

எங்கள் தந்தையாரின் 75ஆவது பிறந்தநாளுக்காகத் தம்பி வீட்டுக் கூடத்தில் நாம் நடத்திய சிறு விழா முடிந்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. விண்வெளி அலங்காரத்துக்காக நாம் காகிதத்தில் செய்து தொங்கவிட்ட கோள்களில் பாதி இன்னும் இறக்கப்படவில்லை. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, இவற்றையெல்லாம் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிறார்களாம். வாங்கியவை என்று சொல்லத்தக்கவை மைதா மாவு, வண்ணச்சாயம், மெல்லிய வண்ணத்தாள், தூண்டில் நரம்பு, சில பலூன்கள் ஆகியவை மட்டுமே. எஞ்சியவை உங்கள் வீடுகளிலிருந்து வந்த பழைய செய்தித்தாள்களும் அட்டைப்பெட்டிகளும், அவற்றோடு மூன்று வார காலம் நீங்கள் ஒதுக்கித் தந்த மாலைப் பொழுதுகளும். கையால் செய்தால் செலவு குறையும் என்று சொல்லி இந்த வேலையைத் தொடங்கி வைத்தவள் நான். செலவு குறைந்தது உண்மைதான். ஆனால், அப்படிக் குறைந்த தொகைக்கு ஈடாக யார் யார் எத்தனை மணி நேரம் குனிந்து உட்கார்ந்து தாள் கிழித்தார்கள் என்ற கணக்கு எங்கும் எழுதப்படாமலே போய்விடக்கூடாது என்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி தம்பி மனைவிக்கு. இரவு மாடிக்கு அழைத்துப் போய் நட்சத்திரம் காட்டும் தாத்தாவுக்கு விண்வெளிதான் பொருத்தம் என்று பேரப்பிள்ளைகள் முடிவு செய்தபோது, அவர்கள் கொண்டுவந்த பட்டியலில் ராக்கெட், வேற்றுக்கோள்வாசி, இயந்திர மனிதன், பறக்கும் தட்டு, வால்வெள்ளி, விண்கலம் என்று இருபதுக்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. அத்தனையும் செய்திருந்தால் கூடம் பொம்மைக் கடை போல ஆகியிருக்கும்; செலவும் ஏறியிருக்கும். அவள்தான் பட்டியலை வாங்கிப் படித்துவிட்டு, குடும்ப விழாவுக்குச் சூரியக் குடும்பம் போதும் என்று சொல்லி, ஒரேயொரு ராக்கெட்டை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை அடித்தாள். கருநீலம், கறுப்பு, மஞ்சள், வெள்ளி ஆகிய நான்கு நிறங்கள் பின்னணிக்கு, மற்ற நிறமெல்லாம் கோள்களுக்கு மட்டும் என்று அவள் விதித்த கட்டுப்பாட்டை அன்று நானே முணுமுணுத்துக்கொண்டுதான் ஏற்றேன். மலிவான தாளும் பழைய திரைச்சீலையும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் ஒரே காட்சியாகத் தெரிந்ததற்கு அந்தக் கட்டுப்பாடுதான் காரணம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். மினுக்குத் தூளை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று அவள் பிடிவாதமாக மறுத்ததும் சரியே. அது பொடிப்பொடியான பிளாஸ்டிக். ஒருமுறை சிந்தினால் மாதக்கணக்கில் தரையிடுக்கில் கிடக்கும். அதற்குப் பதிலாக நொறுக்குத்தீனிப் பொட்டலங்களைக் கழுவித் துடைத்து, உட்புறத்து வெள்ளிப் பளபளப்பை வெளியே காட்டி நட்சத்திரங்களாக வெட்டித் தந்தாள். கண்ணால் பார்க்கும்வரை நான் நம்பவில்லை.

அக்கா மகனுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையன் எங்களையெல்லாம் வேலை வாங்கினான் என்பதே சரி. கோள்களை மனம்போன அளவில் செய்யக்கூடாது, பூமியை 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கணக்கிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தான். அந்தக் கணக்கின்படி வியாழன் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர், சனி 28, யுரேனசும் நெப்டியூனும் 12, செவ்வாய் ஒன்றரை, புதன் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். நிலா 8 மில்லிமீட்டர் மணி ஒன்று. அதைப் பூமியிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கவிட்டான். உண்மையிலும் நிலா பூமியின் விட்டத்தைப் போல் முப்பது மடங்கு தொலைவில்தான் இருக்கிறது என்று அவன் விளக்கும்வரை, நூல் அறுந்து எங்கோ போய்விட்டது என்றே பலரும் நினைத்தோம். சூரியனுக்கும் பூமிக்கும் இதே அளவில் இடைவெளி விட்டால் 350 மீட்டர் நடந்து போக வேண்டும் என்பதால் அந்த ஒன்றில் மட்டும் அவன் விட்டுக்கொடுத்தான். புளூட்டோ 2006ஆம் ஆண்டிலேயே குறுங்கோள் ஆகிவிட்டதே என்று நான் சொன்னதற்கு, உறவு முறிந்துவிடவில்லையே என்று ஒரு சிறு மணியைச் சன்னலோரம் கட்டிவிட்டான்.

சித்தி இல்லாவிட்டால் இவற்றில் ஒன்றும் உருவாகியிருக்காது. காகிதக்கூழில் முறமும் கூடையும் செய்த கை அது. பலூனை ஊதி, பசை தடவிய தாளை ஒட்டினால் உருண்டை வந்துவிடும் என்று நான் எண்ணியிருந்தேன். சித்தி முதலில் என் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி ஓரமாக வைத்தார். வெட்டிய தாளின் விளிம்பு கோடு போலத் தெரியும்; கிழித்த தாளின் விளிம்போ மெலிந்து அடுத்த தாளோடு கலந்துவிடும் என்பதால், செய்தித்தாளை இரண்டு விரல் அகலப் பட்டைகளாகக் கிழிக்கச் சொன்னார். ஒரு பங்கு மைதாவை நான்கு பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி போலாகும்வரை அடுப்பில் கிளறி, பூசணம் பிடிக்காமலிருக்க ஒரு கரண்டி உப்புச் சேர்த்தார். பசையில் மயில்துத்தம் கலக்கும் பழைய முறை அவருக்குத் தெரியும். குழந்தைகள் கை விட்டு அளையும் பாத்திரத்தில் அந்த நஞ்சு வேண்டாம் என்று அவரே விலக்கினார். ஒரு சுற்று ஒட்டி, அது முழுவதும் காய்ந்த பிறகே அடுத்த சுற்று. நான்கு சுற்றுக்கு மேல் கடைசியாக வெள்ளைத் தாளில் ஒரு சுற்று. அது இல்லாவிட்டால் சனிக் கோளின் மேல் செய்தித் தலைப்புகள் படிக்கக் கிடைக்கும்.

முதல் வியாழன் உடைந்ததற்கு நானே பொறுப்பு. ஈரம் சீக்கிரம் போகட்டும் என்று, சித்தி சொன்னதைக் கேளாமல், இரண்டாவது சுற்று முடிந்த உருண்டையை உச்சி வெயிலில் வைத்துவிட்டேன். சூட்டில் பலூனுக்குள் காற்று விரிய, காயாத தாள்கள் வாய் பிளந்து, கடைசியில் பலூனும் வெடித்தது. சித்தி ஒரு சொல்லும் சொல்லாமல் இன்னொரு பலூனை ஊதத் தொடங்கினார். அதற்கான நன்றியை இதற்கு முன் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன், சித்தி. பலூன் முழு உருண்டையாக அமையாமல் சற்றுச் சப்பையாக வந்ததைப் பற்றிக் கவலைப்பட்டபோது, உண்மையான வியாழனும் துருவப் பக்கங்களில் தட்டையானதுதான் என்று அக்கா மகன் அனுமதி வழங்கினான். நனைத்துப் பிழிந்த பஞ்சால் தம்பி மனைவி இழுத்த காவிப் பட்டைகளும், வியாழனுக்கே உரிய அந்தச் சிவப்புப் பொட்டும் சேர்ந்தபின், உடைந்த முதல் வியாழனை யாரும் நினைக்கவில்லை.

மாமாவிடம் இரண்டு வேலைகளை ஒப்படைத்தோம்: சூரியன், ராக்கெட். 3 சென்டிமீட்டர் பூமிக்கு ஏற்ற சூரியன் 3.27 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். எந்த வீட்டுக் கூடத்தில் அதை வைப்பது? கூடத்தின் ஒரு மூலையில் கால்வட்டம் மட்டும் தெரியட்டும், மீதி சுவருக்கு அப்பால் இருப்பதாகப் பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று வழி கண்டுபிடித்தவர் அவர்தான். விரித்த அட்டைப்பெட்டிகளைத் தரையில் சேர்த்து ஒட்டி, ஒரு ஆணியில் 163 சென்டிமீட்டர் நூலைக் கட்டி, நுனியில் பென்சிலைச் செருகி வில் வரைந்தார். அதன்மேல் மஞ்சளும் செம்மஞ்சளுமாக மெல்லிய தாள் பூக்களைக் குழந்தைகளும் பெரியவர்களுமாக ஒட்டினோம். எட்டுத் தாள்களை அடுக்கி, விசிறி போல மடித்து, நடுவில் கம்பியால் இறுக்கி, இரு முனைகளையும் வளைவாக வெட்டி, பிறகு ஒவ்வொரு தாளாகக் கிழியாமல் மேலே பிரித்தெடுக்க வேண்டும். இந்தக் கடைசிப் பிரிப்பில்தான் பொறுமை தீரும். எனக்கு ஆறு பூவில் தீர்ந்தது. அண்ணி மட்டும் தனியாக நாற்பதுக்கு மேல் செய்தார்.

ராக்கெட்டைப் பொறுத்தவரை, நெளிவு அட்டைக்கும் மரத்தைப் போல ஒரு திசை உண்டு என்பதை மாமாவிடம்தான் கற்றேன். உள்ளே ஓடும் நெளிவுக் குழல்கள் மேலும் கீழுமாக நிற்கும்படி வெட்டினால் அட்டை நிமிர்ந்து நிற்கும். குறுக்கே வெட்டினால் தன் பாரத்திலேயே மடங்கும். வளைக்க வேண்டிய இடத்திலோ அந்தக் குழல்களின் போக்கிலேயே வளைக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டி வந்த பெரிய அட்டைக்கூட்டை இதற்காகவே பல மாதங்களாக மடித்து வைத்திருந்தாற்போல எடுத்துக் கொடுத்த கீழ்வீட்டு அம்மாவுக்கு எங்கள் வணக்கம். பழைய கருநீலத் திரைச்சீலைகளும் அவர் வீட்டிலிருந்து வந்தவையே. துவைத்துத் தேய்த்துத் திருப்பித் தந்திருக்கிறோம், ஒன்றின் ஓரத்தில் பசைக் கறை இருக்கிறது, பொறுத்தருள வேண்டும்.

பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து மடித்த சிறு நட்சத்திரங்கள் முந்நூறைத் தாண்டின. ஒரு சென்டிமீட்டர் அகல நீளப் பட்டையில் சாதாரண முடிச்சு ஒன்றைப் போட்டு மெல்ல அழுத்தினால் அளவெடுத்தாற்போல ஐங்கோணம் கிடைத்துவிடுகிறது; மீதிப் பட்டையை அதன்மேலேயே சுற்றிச் செருகி, ஐந்து பக்கங்களையும் நகத்தால் உள்ளே அமுக்கினால் நட்சத்திரம் உப்பி எழுகிறது. ஏழு வயதுக் குழந்தைக்கு ஐங்கோணம் என்ற சொல் தெரியாமலே அந்த வடிவம் கைக்குள் வந்துவிட்டதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு விழா வைக்கலாம் என்று தோன்றியது.

மின் சரவிளக்குகளை இரவல் தந்து, காகிதத்தின் அருகே சூடாகும் பல்பையோ மெழுகுவர்த்தியையோ வைக்கக் கூடாது என்று நின்று பார்த்துவிட்டுப் போன பக்கத்து வீட்டு நண்பருக்கும், விழா முடிந்த இரவே கூடத்தைக் கூட்டித் துடைத்துத் தந்த மூவருக்கும் நன்றி. தம்பியிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. சுவரில் ஒட்டும்போது காகித டேப்பைத்தான் பயன்படுத்த வேண்டும், அதையும் முதலில் ஒரு மறைவான மூலையில் ஒட்டி உரித்துப் பார்க்க வேண்டும் என்று அவன் சொல்லியிருந்தான். அவசரத்தில் பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பை நாங்கள் எடுத்ததால், சூரியனின் வில்லோடு சுவர்ச் சாயமும் ஒரு கை அகலம் உரிந்து வந்தது. அந்த இடத்துக்குச் சாயம் பூச அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அக்கா மகனும் வருகிறோம்.

கடைசியாக, கறுப்புத் தாளில் ஊசித்துளை இட்டு, பின்னால் விளக்கு வைத்து நாங்கள் செய்த ஓரியன் விண்மீன் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா பிள்ளைகளுக்கு முதலில் காட்டும் கூட்டம் அதுதான் என்பதால், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் நான் ஒருத்தியே செய்தேன். பிரகாசமான மீன்களுக்குப் பெரிய துளை, மங்கியவற்றுக்குச் சிறிய துளை, செந்நிற விண்மீனான திருவாதிரைக்குப் பின்னால் சிவப்புக் கண்ணாடித் தாள் என்று எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, படத்தைத் தாளின் பின்புறத்தில் வைத்துத் துளையிட்டதை மட்டும் கவனிக்கவில்லை. விழா நாளில் அறை விளக்குகளை அணைத்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா மட்டும் சற்று நேரம் பேசாமல் பார்த்தார். வரைபடத்தில் இடது தோளில் இருக்க வேண்டிய திருவாதிரை வலது தோளில் இருந்தது.

"நாம் ஓரியனுக்குப் பின்பக்கம் போய் நின்றுகொண்டிருக்கிறோமா, அம்மா?" என்று கேட்டார்.

திருத்திச் செய்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லி, அந்தத் தாளை அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு போய்த் தம் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறார். வியாழனையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். சனியின் வளையம் ஒரு பக்கம் மடங்கியிருந்தாலும் கோள் நன்றாகவே இருக்கிறது. யுரேனசும் நெப்டியூனும் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றால் இந்த மாத இறுதிக்குள் வந்து எடுத்துக்கொள்ளலாம். மீந்த வண்ணத்தாள், கம்பி, நரம்புச் சுருள் ஆகியவற்றை ஒரு பெட்டியில் போட்டுச் சித்தியிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்து யார் வீட்டில் விழா என்றாலும் பெட்டி அங்கே போகும்; கிழிக்கும் வேலைக்கு நானும் வருவேன், கத்தரிக்கோல் இல்லாமல்.

நன்றியுடன்,
அப்பாவின் மகள்