ஃபேரர் பார்க் திடலின் கதையைத் தமிழிலும் சொல்லுங்கள்

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் திடலின் மறுவளர்ச்சிக்கும் அங்கே வைக்கப்படவிருக்கும் மரபுடைமைப் பலகைகளுக்கும் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். இந்தத் திடலைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்ல வேண்டியதில்லை. சுமார் பத்து ஹெக்டர் நிலத்தில் ஏறத்தாழ 1,600 வீடுகள் எழும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டபோது எழுந்த வாதங்களும் வருத்தங்களும் உங்கள் கோப்புகளில் இருக்கும். வீடுகள் வேண்டாம் என்று சொல்வதற்காக இந்த மடலை எழுதவில்லை. வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஒரு மகளின் தகப்பனாகிய எனக்கு அப்படிச் சொல்ல நாக்கு எழாது. என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். இந்தத் திடலின் முழு வரலாற்றையும் அது நடந்த இடத்திலேயே, தமிழிலும், பிழையில்லாமல் எழுதி வையுங்கள்.

சென்ற மாதம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மூன்று நாள் ஒரு சிறு கண்காட்சி வைத்திருந்தார்கள். யார் வைத்தார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை, வைத்தவர்களுக்குத் தெரியும். வட்டாரத்தின் கதையைச் சொல்லும் ஆறு பலகைகள். மேல்மாடியில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர், வயது எண்பத்தாறு, பலகைகளைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டதால் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். அவருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, தலைப்பில் மட்டும் இருந்த தமிழ் எழுத்துகளின் மேல் வைத்து வெகுநேரம் பார்த்தார். ‘ஃபேரர்’ என்ற சொல்லில் பகரம் முன்னால் நிற்க, இரட்டைக் கொம்பு அதற்குப் பின்னால் தனியாக விழுந்து கிடந்தது. அச்சடித்தவருக்கு அது எழுத்தாகத் தெரியவில்லை, ஏதோ பூவேலைப்பாடாகத் தெரிந்திருக்கும். “இதில் எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும்?” என்று கேட்டார் பெரியவர். கேலியாகக் கேட்கவில்லை. தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக் கேட்டார்.

மீதியை நான் வாய்விட்டு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. பலகைகள் சொன்னதில் தவறு இருந்தது என்று சொல்ல மாட்டேன். 1842-இல் வில்லியம் ஹென்றி ரீட் முதலிய ஆங்கிலேய வணிகர்கள் ஒன்றுகூடிக் குதிரைப் பந்தயக் கழகம் தொடங்கியது இருந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் முதல் பந்தயம் ஓடியதும், 150 டாலர் பரிசை ரீட் அவர்களே வென்றதும் இருந்தன. 1891-இல் நீதிபதி கோல்ட்னியின் முயற்சியால் அதே பந்தய வட்டத்துக்குள் ஒன்பது குழி கோல்ஃப் திடல் அமைந்தது இருந்தது. 1911 மார்ச்சில் பெல்ஜியரான ஜோசப் கிறிஸ்டியான்ஸ் பெட்டிப் பட்டம்போன்ற ஒரு விமானத்தை இங்கிருந்து பறக்கவிட்டதும், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித்தின் விமானம் 1919 டிசம்பர் 4-இல் இங்கே இறங்கியதும் இருந்தன. அந்த விமானத்துக்கு இந்த இடம் போதாதென்று, தரை தொடும் வேளையில் பென்னட் என்ற இயந்திர வல்லுநர் விமானத்தின் முதுகிலேயே வால்வரை சறுக்கிப் போய் எடை கொடுத்து நிறுத்திய கதையைப் படித்தபோது நானும் சிறுபிள்ளைபோல் மகிழ்ந்தேன். இவையெல்லாம் சொல்லத்தக்கவை, சொல்லட்டும். பந்தயம் 1933-இல் புக்கிட் தீமாவுக்குப் போனதும், காலியான இடத்துக்கு நகராட்சி ஆணையத் தலைவராக இருந்த ரோலண்ட் ஜான் ஃபேரரின் பெயர் வந்ததும்கூட இருந்தன.

ஐந்தாவது பலகைக்கு வந்தோம். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் இந்தத் திடல் “படையினர் கூடும் இடமாகப் பயன்பட்டது” என்று ஒரே ஒரு வரி. அதையும் சொன்னேன். பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அவ்வளவுதானா?” என்றார்.

அவருடைய தமையனார் 1943-இல் ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்திலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். திரும்பி வரவில்லை. அந்த ராணுவத்துக்கு வித்திட்ட இடம் எது என்பது தெரியாதவர்களுக்குக் கண்காட்சியில் சொல்லியிருக்க வேண்டும். தெரிந்தவரிடம் மறைத்திருக்க வேண்டியதில்லை. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. 17-ஆம் தேதி ஆங்கிலேயப் படையினரைச் சாங்கிக்கும் இந்தியப் படையினரை ஃபேரர் பார்க்குக்கும் போகச் சொன்னார்கள். ஏறத்தாழ 45,000 பேர் அந்தப் புல்தரையில் திரண்டார்கள். பிரிட்டிஷ் தரப்பில் கர்னல் ஹண்ட், திரண்டிருந்தவர்களைச் சில சொற்களில் ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டார். மேஜர் ஃபுஜிவாரா ஜப்பானிய மொழியில் பேச, அது ஆங்கிலத்திலும் பின் ஹிந்துஸ்தானியிலும் பெயர்த்துச் சொல்லப்பட்டது. அதன்பின், ஜப்பானியருடன் சேர்ந்து இந்திய விடுதலைக்குப் போராட ஒரு படையைத் திரட்டிய கேப்டன் மோகன் சிங் பேசினார். இந்த ஒரு பிற்பகல்தான் அந்த ஒற்றை வரிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

அன்று அங்கே நின்றவர்கள் எல்லோரும் தமிழர்கள் என்று நான் உரிமை கொண்டாடவில்லை. பெரும்பாலோர் வட இந்தியப் பகுதிகளைச் சேர்ந்த படையினர். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் திரளாக வந்து சேர்ந்தது சுபாஷ் சந்திர போஸ் வந்த பிறகுதான். நின்றவர்கள் எல்லோரும் மோகன் சிங்குக்குப் பின்னால் போனார்கள் என்பதும் சரியல்ல. மறுத்தவர்கள் பல்லாயிரம் பேர். அவர்களில் பலர் நியூ கினித் தீவுக்குக் கூலிவேலைக்கு அனுப்பப்பட்டு அங்கேயே மடிந்தார்கள். சேர்ந்தவனின் கதை, மறுத்தவனின் கதை இரண்டுக்கும் இந்தத் திடலில் இடம் வேண்டும். ஒரு தரப்பைப் புகழ்ந்து எழுதுங்கள் என்று கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்றே கேட்கிறேன். அன்றைக்கு மூன்று மொழிகளில் உரை ஒலித்தது, அவற்றில் தமிழ் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. நான்கு ஆட்சிமொழிகள் உள்ள நாட்டில், லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து நடந்துபோகும் தொலைவில், இன்றும் தமிழ் இல்லாததற்கு என்ன காரணம்?

இது குறித்துக் கடந்த ஓராண்டில் மூன்று முறை உரிய இடத்துக்கு எழுதினேன். மூன்று முறையும் “தங்கள் கருத்துக்கு நன்றி, அது கவனத்தில் கொள்ளப்பட்டது” என்ற ஒரே பதில், ஒரே எழுத்துருவில், ஒரே முற்றுப்புள்ளியோடு வந்தது. மூன்றாவது பதிலில் என் பெயருக்குப் பதிலாக வேறொருவர் பெயர் இருந்தது. அவருக்கும் கருத்து இருந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சிறு ஆறுதல்.

திடலைச் சுற்றியுள்ள சாலைகளின் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: டோர்செட், குளோஸ்டர், நார்தம்பர்லாந்து, ரட்லண்ட், ஹாம்ப்ஷயர். இங்கிலாந்தின் மாவட்டங்களெல்லாம் தங்கள் ஆட்கள் குதிரை ஓட்டிய இடத்தைப் பார்க்க வரிசையில் வந்து நிற்பதுபோல் இருக்கிறது. பெயர்களை மாற்றச் சொல்லவில்லை, அவையும் வரலாறுதான். குதிரைகளுக்குக்கூடப் பெயர் எழுதிவைத்த இடத்தில், குதிரைகளைக் குளிப்பாட்டிய சைஸ் எனப்பட்ட குதிரைப் பராமரிப்பாளர்களின் பெயர் ஒன்றுகூட இல்லையே என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் கதை வேறெங்கோ போய்விடும். எங்கள் பேட்டைகளில் எழுத்து உடைந்த தமிழ் அறிவிப்புகளைப் பற்றியும் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. அதற்கு வேறொரு மடல் வேண்டும். மன்னியுங்கள்.

போருக்குப் பிந்திய நாட்களும் பலகைகளில் மெல்லிய கோடாகவே வருகின்றன. 1957-இல் திறந்த நீச்சல் குளத்தில் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக நீந்தக் கற்றார்கள். 2003-இல், ஃபேரர் பார்க் ரயில் நிலையம் திறந்த அதே ஜூன் மாதத்தில், அந்தக் குளம் மூடப்பட்டது. 1977-இல் மலேசியக் கோப்பையை வென்ற சிங்கப்பூர்க் கால்பந்து அணியைப் பயிற்சியாளர் சூ செங் குவீ இந்தப் புல்லில்தான் வாட்டியெடுத்தார். அணித்தலைவர் சமது அல்லாப்பிச்சை, இடதுகாலால் பந்தை வளைத்தடிக்கும் ராஜகோபால் ஆகியோரின் பயிற்சியைப் பார்க்க வேலிக்கு வெளியே நாங்கள் நின்றிருக்கிறோம். காசு கிடையாது, இருக்கை கிடையாது, மழை வந்தால் மரத்தடி. ஆங்கிலேயர் தமக்கென்று அமைத்துக்கொண்ட இடம் ஊருக்கே சொந்தமான திடலாக மாறியது இந்த ஆண்டுகளில்தான். என் பார்வையில் கதையின் சிறந்த பகுதி இதுவே. பந்தயக் கழகமோ புக்கிட் தீமாவைவிட்டு கிராஞ்சிக்குப் போய், 2024 அக்டோபர் 5-இல் கடைசிப் பந்தயத்தோடு முடிந்தும் போயிற்று. அதன் பிறந்த இடத்தையாவது முழுமையாகச் சொல்லிவைக்க இதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

பழைய நீச்சல் குளக் கட்டடத்தையும் குத்துச்சண்டைக் கூடத்தையும் புதிய விளையாட்டு வளாகத்தோடு சேர்த்துப் பேணுவது என்ற உங்கள் முடிவுக்கு மனமார்ந்த நன்றி. செங்கல்லுக்குக் காட்டிய அந்த அக்கறையைச் சொல்லுக்கும் காட்டுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்தத் திடலின் முழு வரலாற்றையும், 1942 பிப்ரவரி 17-ஐ ஒற்றை வரியில் சுருக்காமல், திடலிலேயே நான்கு மொழிகளிலும் எழுதி வையுங்கள். தமிழ்ப் பகுதியைத் தமிழ் அறிந்தவர் எழுதட்டும். பலகை அச்சுக்குப் போகும் முன், கணினித் திரையில் பார்த்தது போதும் என்று விட்டுவிடாமல், அச்சிட்ட படியை இன்னொரு தமிழறிந்தவர் கண்ணால் பார்த்து ஒப்பமிடட்டும். கூலி வேண்டாம், நானே வந்து பார்த்துத் தருகிறேன். ஓய்வு பெற்றவன், எந்த நாளும் எனக்குத் தோதுதான்.

இன்னும் ஒன்று. பலகை வைக்கும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால் உதவியாக இருக்கும். மேல்மாடிப் பெரியவரைச் சக்கர நாற்காலியில் அழைத்துவர வேண்டும். மின்தூக்கியிலிருந்து திடலின் ஓரம்வரை எந்த வழி திறந்திருக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பூதக்கண்ணாடியை அவர் இன்னும் சட்டைப்பையில்தான் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
ஃபேரர் பார்க் வட்டாரவாசி ஒருவர்