ஸ்கேட்டர்குட் பள்ளிக்கு ஒரு தாயின் நன்றி

அன்பார்ந்த ஆசிரியர்களுக்கும், பண்ணையில் பாடுபடுபவர்களுக்கும், சமையலறையில் இருப்பவர்களுக்கும், எங்கள் மகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகப் பார்த்துக்கொண்ட எல்லாருக்கும்,

வணக்கம்.

எங்கள் மகள் உங்களிடம் படித்து முடித்துக் கல்லூரிக்குப் போய்விட்டாள். விடைபெறும்போது நான் ஆங்கிலத்தில் சொன்ன நன்றி எனக்கே போதவில்லை. மனத்தில் இருப்பதெல்லாம் தமிழில்தான் வருகிறது. அவளே உங்களுக்கு வாசித்துப் பொருள் சொல்வாள். "அது என்ன பள்ளிக்கூடம், வயல்காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தீர்களாமே" என்று கேட்கும் எங்கள் சொந்தபந்தங்களும் இதைப் படிக்கட்டும்.

அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அயோவா மாநிலத்தில் வெஸ்ட் பிராஞ்ச் என்ற சிற்றூரை ஒட்டி, சோளமும் சோயாவும் விளையும் நிலங்களுக்கு நடுவே, குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் 1890இல் தொடங்கிய பள்ளி இது. அமெரிக்க அதிபராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் பிறந்த ஊர் அது. அவரும் குவேக்கர் குடும்பத்துப் பிள்ளைதான். பையன்களும் பெண்களும் சேர்ந்து படிக்கிறார்கள். சிலர் விடுதியில் தங்குகிறார்கள், சிலர் தினமும் வீட்டிலிருந்து வந்து போகிறார்கள். எங்கள் மகள் முதலில் தினமும் வந்து போனாள், பிறகு விடுதிக்கு மாறினாள். மொத்தப் பிள்ளைகளும் ஒரே கூடத்தில் அமர்ந்து சாப்பிட்டுவிடலாம், அவ்வளவு சிறிய பள்ளி.

இந்தியாவிலிருந்து வந்த புதிதில் அவளை ஒரு பெரிய பள்ளியில் சேர்த்திருந்தோம். அங்கே அவள் பேச்சு மெல்ல மெல்ல நின்றுபோனது. வகுப்பில் வாய் திறப்பதில்லை, வீட்டிலும் கேட்டதற்கு மட்டும் பதில். அவளிடம் ஏதோ குறை இருப்பதுபோலவே எல்லாரும் எங்களிடம் பேசினார்கள். அந்த நேரத்தில்தான் தெரிந்தவர் ஒருவர் உங்கள் பள்ளியைப் பற்றிச் சொன்னார். ஓய்வுபெற்ற ஆசிரியரான என் அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். குவேக்கர் என்றதும் அவர் மார்ஜரி சைக்ஸ் அம்மையாரின் பெயரைச் சொன்னார். 1928இல் இங்கிலாந்திலிருந்து சென்னை பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியராக வந்தவர். பிறகு சாந்திநிகேதன், சேவாகிராமம் என்று காந்திய வழிக் கல்விக்கே வாழ்நாளைக் கொடுத்தவர். எங்கள் கோத்தகிரியிலும் சில காலம் வாழ்ந்தவர். "அவர்களுடைய பள்ளி என்றால் யோசிக்காமல் சேர்" என்றார் அப்பா. அந்தத் துணிவைக் கொடுத்ததற்கு அப்பாவுக்கும் இந்த மடலிலேயே என் நன்றி.

உங்கள் வழிபாட்டுக் கூட்டத்தைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது, பிரசங்க மேடை கிடையாது. எல்லாரும் பெஞ்சுகளில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். யாருக்காவது உள்ளிருந்து ஒரு சொல் எழுந்தால் எழுந்து நின்று சொல்கிறார். மற்றவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள், பதில் பேசுவதில்லை. மறுபடியும் அமைதி. ஒருவரும் ஒன்றும் சொல்லாமலே கூட்டம் முடிந்துவிடுவதும் உண்டு. வாயை மூடிக்கொண்டிருந்ததற்காக மற்ற இடங்களில் கண்டிக்கப்பட்ட பிள்ளைக்கு, அங்கே ஊரே தன்னோடு சேர்ந்து பேசாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும்! "நீயும் ஏதாவது சொல்லேன்" என்று உங்களில் ஒருவர்கூட அவளைத் தூண்டவில்லை. அதற்காக உங்களை எத்தனை முறை கையெடுத்துக் கும்பிட்டாலும் தகும்.

ஒருநாள் அவளாகவே எழுந்து நின்று பேசினாள் என்று உங்களில் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்ன பேசினாய் என்று கேட்டேன். "ஆச்சி விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும்போது யாரோடும் பேசமாட்டாள் இல்லையா, அதைச் சொன்னேன்" என்றாள். என் மாமியார் இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் அழுதார்.

ஆசிரியர்களைப் பெயர் சொல்லி அழைப்பது உங்கள் வழக்கம். மனிதர் எல்லாரும் சமம் என்று நம்புவதால் பட்டங்களை விட்டுவிட்டீர்கள். என் மகளுக்கு அது எளிதாக வந்தது. எனக்குக் கடைசிவரை நாக்கு வளையவில்லை. நான் "டீச்சர்" என்றே அழைத்தேன், நீங்களும் புன்னகையோடு ஏற்றுக்கொண்டீர்கள். பாத்திரம் கழுவுவதிலும், தரை துடைப்பதிலும், களை பறிப்பதிலும் பிள்ளைகளும் பெரியவர்களும் முறை வைத்துச் சேர்ந்து நின்றதைப் பார்த்தபோதுதான் அந்தச் சமம் எனக்கு நன்றாகப் புரிந்தது. எந்த முடிவுக்கும் கை தூக்கி எண்ணிக்கை பார்ப்பதில்லை என்பதும் எனக்குப் புதிது. இரவில் கைப்பேசியை எங்கே வைப்பது என்ற பேச்சு வாரக்கணக்கில் நடந்ததாம். ஒரு பிள்ளைக்கு மனம் ஒப்பவில்லை என்றாலும் நின்று அதன் காரணத்தைக் கேட்பீர்கள் என்று மகள் வியந்து சொல்வாள். வீட்டில் அவள் எங்களையும் அப்படி உட்கார வைத்துப் பேசப் பழக்கிவிட்டாள்.

பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் உங்களுக்குத் தனியே நன்றி சொல்லவேண்டும். பனி உருகாத மார்ச் மாத இரவில், ஆடு ஈனப்போகிறது என்று பிள்ளைகளைக் கொட்டகைக்கு அழைத்துப் போனீர்கள். முதல் குட்டி வந்ததும் வைக்கோலால் அதன் மூக்கைத் துடைத்து மூச்சு வரவைத்தது, தொப்புள் கொடியில் அயோடின் தொட்டுவைத்தது எல்லாம் அவள் கை. இரட்டைக் குட்டிகளில் ஒன்றைத் தாய் ஆடு சேர்க்கவில்லை. சீம்பாலைக் கறந்து புட்டியில் ஊற்றி, மணிக்கணக்கு வைத்து ஊட்டி அந்தக் குட்டியை அவள் பிழைக்க வைத்தாள். ஒரு உயிரை நம்பி அவள் கையில் கொடுத்தீர்கள். நாங்கள் சைவக் குடும்பம். அந்தப் பண்ணையின் ஆடும் பன்றியும் பிறகு உணவாகும் என்பது அவளைப் படுத்தியது. அதையும் நீங்கள் மறைக்கவில்லை, அவள் கேள்விகளைத் தட்டிக்கழிக்கவும் இல்லை; உட்கார்ந்து பேசினீர்கள். அவள் சைவத்திலேயே இருந்தாள். சமையலறை அம்மா அவளிடமே கேட்டுப் பருப்பு வேகவைத்துத் தாளிக்கக் கற்றுக்கொண்டார். கடுகு வெடிக்கும் முன் வெங்காயத்தைப் போடக்கூடாது என்று மற்றப் பிள்ளைகளுக்கு இப்போது அவர்தான் சொல்லிக்கொடுக்கிறாராம்.

உங்கள் பள்ளியின் வரலாற்றில் என் மனம் ஒட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. 1931இல் மூடப்பட்டு வெறுமையாகக் கிடந்த கட்டடங்களை, 1939இல் நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1943 வரை 180க்கும் மேற்பட்டோர் அங்கே தங்கி இளைப்பாறினார்கள்; யூதர்கள், ஹிட்லரை எதிர்த்தவர்கள், முதியவர்கள், குழந்தைகள். ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார்கள், கார் ஓட்டப் பழக்கினார்கள், வேலை தேடிக் கொடுத்தார்கள். வந்தவர்களும் இருந்தவர்களும் ஒன்றாகத் தோட்டவேலை செய்தார்கள். மறுவருடம், 1944இல், மீண்டும் பள்ளி. எங்கள் கதை அவர்கள் பட்ட பாட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் அயலூரிலிருந்து வந்து தடுமாறுகிறவர்களை ஏற்று நிற்பது அந்த மண்ணுக்குப் பழக்கமாகிவிட்டது என்றே நினைக்கிறேன். பனியில் வண்டி ஓட்ட அஞ்சி நடுங்கிய எனக்கு, காலியான வாகன நிறுத்தத்தில் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தவர் இன்னொரு மாணவனின் அம்மா. அவர் இல்லாவிட்டால் நான் இன்றைக்கும் பஸ் நிறுத்தத்தில்தான் நின்றிருப்பேன்.

கட்டணம் முழுவதையும் கட்ட எங்களால் முடிந்திருக்காது. உதவித்தொகைக்குப் பணம் கொடுத்தவர்களின் முகம்கூட எங்களுக்குத் தெரியாது. நீங்கள் நன்றாக இருக்கவேண்டும். என் கணவர் வெளியூர் போன நாட்களில் மகளை ஏற்றிக்கொண்டு போய்விட்ட அயோவா சிட்டி அண்ணனுக்கும், ஞாயிறு மாலையில் விடுதிக்குத் திரும்பும் பிள்ளைக்கென்று மறக்காமல் எலுமிச்சை சாதம் கட்டிக்கொடுத்த அக்காவுக்கும் நன்றி.

ஜூலைக் கடைசியில் குவேக்கர்களின் ஆண்டுக் கூட்டம் உங்கள் வளாகத்தில் நடக்கும்போது சமையலறையில் ஆள் தேவைப்படும் என்று கேள்விப்பட்டோம். நானும் அவரும் வருகிறோம். காய் நறுக்குவது, பாத்திரம் தேய்ப்பது எதுவானாலும் சரி. ஒரு வேளைச் சாம்பார் எங்கள் பொறுப்பு. புளியும் பெருங்காயமும் நாங்களே கொண்டுவருகிறோம், கத்தரிக்காய் மட்டும் உங்கள் தோட்டத்தில் பறித்துவையுங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் மாணவி ஒருத்தியின் அம்மா