அரியர் தொடங்குவது ஏழாம் வகுப்பில்

நெல்லைச் சீமைக் கல்லூரிகளின் கணிதத் துறைத் தலைவர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் என் வீட்டுத் திண்ணைக்கு டியூஷன் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் அலைடு மேக்ஸ் என்கிற துணைப்பாடக் கணிதத்திலோ பிசினஸ் மேக்ஸிலோ அரியர் வைத்தவர்கள். போன மாதம் முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு மாணவி வந்தாள். 25 எக்ஸ் = 800 என்று எழுதிக் கொடுத்தேன். பேனா நகரவில்லை. அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். "கட்டுக்கு 25 பீடி. 800 பீடி சுத்தினா எத்தனை கட்டும்மா?" என்றேன்.

"32 சார்." நான் கேட்டு முடிக்கவில்லை, பதில் வந்துவிட்டது.

ரெண்டும் ஒரே கணக்குதான் என்றதும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்புறம் எதுக்கு சார் எக்ஸ்?" நியாயமான கேள்வி. பன்னிரண்டு வருஷப் பள்ளிப் படிப்பில் இதைக் கேட்க அவளுக்கு இடமே கிடைக்கவில்லை.

இன்னொரு பையன் 3 எக்ஸ் = 12 என்பதற்கு −4 என்று விடை எழுதினான். கவனக்குறைவு என்று சுழித்துவிட்டுப் போயிருப்பேன். எதற்கும் கேட்டு வைப்போமே என்று கேட்டேன். "3 அந்தப் பக்கம் போகுது, குறி மாறும்லா சார்." தராசின் இரண்டு தட்டிலும் ஒரே மாதிரி செய்கிறோம் என்பது அவனுக்குப் போய்ச் சேரவே இல்லை. அவன் கணக்கில் எண்கள் சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டும் டவுன் பஸ் மாதிரி போய்வருகின்றன, போர்டு மட்டும் மாறுகிறது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்கிறவர்களும் உண்டு. ஏழாம் வகுப்புக் கணக்கிலேயே நின்றுவிட்ட இவர்களுக்கு, அணிகளில் (மேட்ரிக்ஸ்) வரும் கெய்லி-ஹாமில்டன் தேற்றம் நடத்தினால் மனப்பாடம் செய்யாமல் வேறென்ன செய்வார்கள்?

மாலையில் சிறப்பு வகுப்பு வைக்கிறோமே என்பீர்கள். அந்த மாணவி மகளிர் இலவச பஸ்ஸில் வருகிறவள். அதைத் தவறவிட்டால் காசு கொடுத்துத்தான் ஊர் போய்ச் சேர வேண்டும். வகுப்பில் உட்கார்ந்தாலும் கண் கடிகாரத்தில்தான் இருக்கும். அது போக, நோட்டீஸ் போர்டில் 'ஸ்லோ லேர்னர்ஸ்' என்று தலைப்பிட்டுப் பெயர்ப் பட்டியல் ஒட்டுவதை யார் கண்டுபிடித்தார்களோ, தயவுசெய்து கிழித்துவிடுங்கள்.

நான் கேட்பது வாரத்துக்கு ஒரு மணி நேரம். கால அட்டவணைக்குள்ளேயே, அந்த வாரப் பாடத்தோடு ஒட்டி. அணிகள் நடத்தும் வாரத்தில் குறை எண் பெருக்கல், சமன்பாடு வரும் வாரத்தில் பின்னமும் அடைப்புக்குறியும். ஒரு வாரத்துப் பிரிட்ஜ் கோர்ஸில் எல்லாவற்றையும் கொட்டினால் நிற்காது. மூன்றாம் ஆண்டு கணித மாணவர்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நம்மிடம் கேட்கக் கூச்சப்படுவதை அண்ணன், அக்காவிடம் கேட்பார்கள். இன்டர்னல் தேர்வில் தப்பு விட்டவர்கள், ஏன் தப்பு என்று எழுதித் திருத்திக் கொடுத்தால் பாதி மதிப்பெண்ணையாவது திருப்பிக் கொடுங்கள்.

ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், மதியத்தில் நான் சும்மாதான் இருக்கிறேன். சம்பளம் வேண்டாம், ஒரு டீ போதும்.

அன்புடன்,
பாளையங்கோட்டை டியூஷன் வாத்தியார் ஒருவர்