காணாமற்போன தறிக்கூடத்துக் கணினி

சோமனூர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவும் முடிந்துவிட்டது என்று படித்ததில் மனம் நிறைந்தது. இங்கு அனைவரும் நலம்; தறிகள் இரண்டு ஷிஃப்டும் ஓடுகின்றன. மற்ற செய்திகளைப் பிறகு எழுதுகிறேன், ஏனெனில் உன் கடிதத்தின் கடைசிப் பத்திக்குத்தான் நான் உடனே பதில் எழுத வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு மாடியில் உள்ள கணினியும், உன் அப்பா எடுத்த போட்டோக்கள் இருக்கும் நெட்வொர்க் ஹார்டு டிஸ்க் பெட்டியும் உன் கணினியில் தெரியவில்லை என்றும், பார்க்க வந்த மெக்கானிக் எஸ்எம்பி 1 என்னும் பழைய கோப்புப் பகிர்வு முறையைத் திரும்ப ஏற்றினால் எல்லாம் வந்துவிடும் என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அதை மட்டும் செய்யவிடாதே.

சென்ற மாதம் நானும் இதே இடத்தில் மாட்டிக்கொண்டேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் வீட்டுக் கணினியையும் தறிக்கூடத்துக் கணினியையும் புதிய பதிப்புக்கு மாற்றினேன். பாவு வரவு, நெய்து கொடுத்த காடாத் துணியின் மீட்டர், வாரக் கூலி ஆகிய கணக்குகளெல்லாம் தறிக்கூடத்தில்தான் இருக்கின்றன. சனிக்கிழமை மாலை வீட்டிலிருந்தபடியே அவற்றைத் திறந்து கூலி போடுவது வழக்கம். அந்தச் சனிக்கிழமை நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தால் என் கணினியின் பெயரைத் தவிர வேறெதுவும் இல்லை. திண்ணையில் எட்டுப் பேர் கூலிக்குக் காத்திருக்க, நான் பென்டிரைவை எடுத்துக்கொண்டு தறிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடந்தேன். அடுத்த இரண்டு நாள் மாலைப் பொழுதும் வீணாயின. தெரிவது வேறு, தொடர்புகொள்வது வேறு என்பதை நான் பிரித்துப் பார்க்காததே அதற்குக் காரணம்.

நம் ஊரில் கோயில் திருவிழாவை ஊருக்கு அறிவித்து நோம்பி சாட்டுகிறார்கள் அல்லவா, அதைப்போல ஒவ்வொரு கணினியும் தான் இருப்பதை வீட்டு நெட்வொர்க்குக்குள் சாட்டுகிறது. அந்தச் சாட்டைக் கேட்டுத்தான் மற்றக் கணினிகள் அதன் பெயரைப் பட்டியலில் காட்டுகின்றன. சாட்டு நின்றுவிட்டால் பெயர் மறையும். ஆனால் வீடு அதே இடத்தில்தான் இருக்கும், முகவரி தெரிந்தவர் நேராகப் போய்க் கதவைத் தட்டலாம். ஆகவே முதலில் நீ செய்ய வேண்டியது தட்டிப் பார்ப்பதுதான். மாடிக் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கட்டளைத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்னும் கட்டளையைக் கொடுத்தால் அதன் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதற்குரிய எண், வரும். என் தறிக்கூடத்துக் கணினிக்கு 192.168.1.20 என்று வந்தது. வீட்டுக்கு வந்து விண்டோஸின் ரன் (Run) பெட்டியில் \\192.168.1.20 என்று தட்டினேன். சிறிது நேரம் வட்டம் சுற்றியது. பிறகு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு ஒரு பெட்டி வந்தது. அதைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது, ஏனெனில் பெயர் கேட்க அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்றுதானே அதற்குப் பொருள்?

அங்கும் ஒரு தடுமாற்றம் நேர்ந்தது. அது உனக்கு நேர வேண்டாம். தினமும் கணினியைத் திறக்கப் போடும் நான்கு இலக்கப் பின் எண்ணை அந்தப் பெட்டியில் போட்டுப் போட்டுப் பார்த்தேன், ஏற்கவே இல்லை. பின் எண் அந்தந்தக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து திறப்பதற்கு மட்டுமே உரியது. நெட்வொர்க் வழியாக நுழைவதற்கு அந்தக் கணினியில் உள்ள பயனர் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டுதான் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் மின்னஞ்சல் முகவரியும் அதன் பாஸ்வேர்டும் தர வேண்டும். வருடக்கணக்கில் பின் எண்ணையே போட்டுப் பழகியதால் பாஸ்வேர்டு எனக்கு மறந்தே போயிருந்தது.

கதவு திறந்த பின் சாட்டு ஏன் நின்றது என்று பார்த்தேன். இரண்டு காரணங்கள் இருந்தன. வீட்டுக் கணினியின் செட்டிங்ஸில் எங்கள் வைஃபை பப்ளிக் நெட்வொர்க் என்று மாறியிருந்தது. பஸ் ஸ்டாண்டு வைஃபையில் இருப்பதுபோல நினைத்துக்கொண்டு கணினி வாயையும் காதையும் மூடிக்கொண்டிருக்கிறது. அதைப் பிரைவேட் என்று மாற்றினேன். தறிக்கூடத்துக் கணினியிலோ ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்னும் சேவை ஓடவே இல்லை. சாட்டும் வேலை அதனுடையது. சர்வீசஸ் பட்டியலில் அதை ஆட்டோமேட்டிக் என்று வைத்து ஓடவிட்டேன். நெட்வொர்க் பக்கத்தைப் புதுப்பித்தவுடன் பழைய பெயர் வந்து நின்றது.

உன் மெக்கானிக் சொல்லும் வழி முற்றிலும் ஆதாரமற்றது என்று நான் சொல்லவில்லை. முற்காலத்தில் இந்தப் பட்டியலைத் தயாரித்த கம்ப்யூட்டர் பிரவுசர் என்னும் சேவை எஸ்எம்பி 1-ஐ நம்பியே இருந்தது. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் கணினிகளில் மைக்ரோசாஃப்ட் எஸ்எம்பி 1-ஐ விலக்கத் தொடங்கிவிட்டது. அதற்கு முன் மே மாதத்தில் வானாக்ரை என்னும் கணினி வைரஸ் உலகெங்கும் பரவியதை நீ மறந்திருக்கமாட்டாய்; எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் அது ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தும், போடாதவர்கள் அகப்பட்டார்கள். இங்கிலாந்தில் மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலை ஏற்பட்டது. நம் இருவரையும் கொடுமுடிப் படித்துறையில் நிறுத்தி உன் அப்பா எடுத்த படம் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. ஒரு பட்டியலில் பெயர் தெரிவதற்காக அப்படிப்பட்ட கதவைத் திறந்து வைக்கலாமா?

ஹார்டு டிஸ்க் பெட்டியின் பிரச்சினை வேறு மாதிரியானது என்று நினைக்கிறேன். நீ இதுவரை பாஸ்வேர்டு எதுவும் போடாமலே அதைத் திறந்து வந்ததாக எழுதியிருக்கிறாய். அதைக் கெஸ்ட் நுழைவு என்கிறார்கள், பேர் சொல்லாமல் ஒறம்பரை (விருந்தாளி) வந்து போவது மாதிரி. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், புரோ வகைக் கணினிகள் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கையெழுத்துக் கேட்கின்றன. பேரில்லாத ஒறம்பரையால் கையெழுத்துப் போட முடியாது, ஆகவே கதவு திறப்பதில்லை. இணையம் பார்க்கும் பிரவுசரில் பெட்டியின் முகவரியைத் தட்டி அதன் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போ. உன் பெயரில் ஒரு பயனரையும் பாஸ்வேர்டையும் உருவாக்கு. எஸ்எம்பி 2 அல்லது 3 என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடு. அதன் பிறகும் அது பட்டியலில் தெரியாமல் போகலாம், ஏனெனில் பழைய பெட்டிகள் பலவற்றுக்கு விண்டோஸ் இப்போது கேட்கும் முறையில் சாட்டத் தெரியாது. கவலைப்படாதே, மேப் நெட்வொர்க் டிரைவ் என்னும் வசதி மூலம் உன் கணினியில் அதற்கு ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுத்து, ரவுட்டரில் அதன் முகவரி மாறாதபடி ஒதுக்கி வைத்தால் போதும். எஸ்எம்பி 1 தவிர வேறெதுவும் அறியாத பெட்டியாக இருந்தால், அதற்குள் இருக்கும் டிஸ்கைக் கழற்றியோ வேறு வழியிலோ படங்களையெல்லாம் நகல் எடுத்துக்கொண்டு அதற்கு ஓய்வு கொடுத்துவிடு.

இன்னொன்றையும் கவனி. மாடிக்குச் சிக்னல் எட்டவில்லை என்று அதே வாரத்தில் இரண்டாவது ரவுட்டர் வாங்கி வைத்ததாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். மாடிக் கணினி மறைந்ததற்கு அப்டேட்டைவிட அதன்மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். கீழே உள்ள கணினியின் முகவரி 192.168.1 என்றும் மாடிக் கணினியின் முகவரி 192.168.0 என்றும் தொடங்கினால் இரண்டும் வெவ்வேறு ஊரில் இருக்கின்றன என்று கொள். சாட்டு ஊர் எல்லையைத் தாண்டாது. கீழிருந்து முகவரியைத் தட்டினாலும் மாடிக்குப் போகாது, மாடியிலிருந்து மட்டும் கீழே வர முடியும். புதிய ரவுட்டரை, தனி நெட்வொர்க் அமைக்காமல் சிக்னலை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் என்னும் நிலைக்கு மாற்றினால் இரண்டும் ஒரே ஊராகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்குத் தறிகள் நிற்கும்; அப்போது போன் செய்கிறேன். கீழ்க் கணினி, மாடிக் கணினி, பெட்டி ஆகிய மூன்றின் முகவரிகளையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள். வர வேண்டாம் என்று மெக்கானிக்குக்கு இன்றே தாக்கல் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் பழைய விடுதி நண்பன்