பாப்பாவிடம் பேசுவதற்கு முன்

அன்புள்ள ஜெபாவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் மாங்காய்க் கதையை அவர்கள் இன்னும் விடவில்லை. போன ஞாயிறும் சொல்லிச் சிரித்தார்கள்.

உன் மதினி உனக்குப் போன் போட்டு, பாப்பாவுக்குப் புத்தி சொல்லச் சொன்னாளாமே. நீ சொல்வதற்கு முன் இதை ஒரு தடவை வாசித்துவிடு. போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பாப்பாவுக்கு மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டராகக் கட்டாயம் வேலை செய்ய வேண்டிய பாண்டு காலம் முடிந்துவிட்டது. லண்டன் போக எல்லா ஏற்பாடும் அத்தை செய்து வைத்திருந்தார். அவளோ, "அப்பா, நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்" என்கிறாள். அதிலிருந்து வீட்டில் அழுகைதான். கோயிலில் யாரைப் பார்த்தாலும், "வேலூரில் படித்த பிள்ளையைக் காட்டில் விட்டுவிட்டாயே" என்று கேட்கிறார்கள்.

எனக்கு மனம் பொறுக்கவில்லை, ஜெபா. நம் சபையில் சாட்சி சொல்கிறவர்களை நினைத்துப் பார். விசா கிடைத்தது, இரண்டாவது மாடி எழும்பியது, புதுக் கார் வந்தது என்பார்கள். அதற்கெல்லாம் நன்றி சொல்வது நல்லதுதான். ஆனால் "இத்தனை கிடைத்தும் வேண்டாம் என்றேன், கர்த்தர் என்னோடு இருந்தார்" என்று ஒருவராவது எழுந்து சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? புது வருஷ ராத்திரி நாம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளிலும் "உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. சிலுவையை எடுத்துக்கொண்டு என் பின்னே வா என்ற வசனத்தை அந்த அட்டைகளில் நான் பார்த்ததே இல்லை. அதைச் சொன்னவரும் கர்த்தர்தானே!

பாப்பா போன வாரம் ஒரு சங்கதி சொன்னாள். ராத்திரி இரண்டு மணிக்கு டிராக்டரில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்களாம். பிள்ளை குறுக்கே கிடந்திருக்கிறது, பக்கத்தில் வேறு ஆஸ்பத்திரி கிடையாது. தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள். "அப்பா, அன்றைக்கு எனக்குத் திண்டிவனம் ஞாபகம் வந்தது" என்றாள்.

வேலூர் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரைத்தான் சொல்கிறாள். வேலூரில் படித்த பிள்ளைகளுக்கு அது சொந்தக் குடும்பத்துக் கதை மாதிரி. தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ஐ ஒட்டி அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தவர். அப்போது அவருக்கு இருபது வயது இருக்கும். ஊழியத்துக்கு வர மனமே இல்லை, சீக்கிரம் திரும்பிப் போய்விடத்தான் நினைத்திருந்தார். ஒரே ராத்திரியில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். நான் மருத்துவர் இல்லை, மருத்துவரான என் அப்பாவைக் கூட்டிப் போங்கள் என்றார் ஐடா. ஆண் பார்க்கக் கூடாது என்று மூன்று பேரும் திரும்பிவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அதன் பிறகுதான் அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1899-இல் பட்டம் வாங்கி, 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வேலையைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் வந்தது. கலியாணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை இங்கேயே இருந்து, 1960-இல் கொடைக்கானலில் இறந்தார். அந்தப் பெண்ணை அன்று யாராவது புத்தி சொல்லி ஊருக்கே அனுப்பி வைத்திருந்தால் பாப்பா படித்த கல்லூரி ஏது?

பணம் சம்பாதிப்பதைப் பாவம் என்று நான் சொல்லவில்லை. உன் சம்பளத்தில்தான் அவள் புத்தகம் வாங்கினாள், அதை நானும் மறக்கவில்லை, அவளும் மறக்கவில்லை. ஆனால் "மனுஷன் உலகம் முழுவதையும் ஆதாயப்படுத்திக்கொண்டாலும், தன் ஜீவனை நஷ்டப்படுத்தினால் அவனுக்கு லாபம் என்ன?" என்ற வசனத்தை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கியவன் நீ. பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர்களும் நாம்தான். இப்போது அவள் அதை நம்பி நடக்கும்போது, நடக்காதே என்று எந்த வாயால் சொல்வது?

எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் முதலில் சம்பளத்தைத்தான் கேட்கிறார்கள். தனியாக இருக்கிறாளே, காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள் என்று ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கிறேன். அந்தப் பயத்தை வைத்து அவளைக் கட்டிப்போட எனக்கு மனமில்லை.

அப்புறம், நீ அவளுடைய ஞானத்தகப்பன். இந்த உலகத்தின் வீண் ஆடம்பரத்தை வெறுக்கிறேன் என்று ஞானஸ்நானத் தொட்டியருகே நின்று அவளுக்காகச் சத்தமாகச் சொன்னவன் நீதான். வாத்தியார்கூடத் திரும்பிப் பார்த்தார்.

ஆகவே போன் பண்ணு, கண்டிப்பாகப் பண்ணு. போகாதே, இருக்காதே என்று எதுவும் சொல்லாமல், அங்கே என்ன தேவைப்படுகிறது என்று மட்டும் கேள். பிரசவ வார்டில் இன்வெர்ட்டர் பழுதாகிவிட்டது என்றாள், அதற்கு நீயும் நானும் வழி பார்க்கலாம். மதினியிடம் நானே பேசிக்கொள்கிறேன். கோயில் அசன விருந்துக்குப் பிள்ளைகளோடு வந்துவிடு, இந்த வருஷம் சாக்குச் சொல்லாதே.

அன்புடன்,
தேவா